அசெம்பிள்டு கணினி பிறந்த கதை

கேம் விளையாடவும் வேண்டும், வீடியோ எடிட் செய்யவும் வேண்டும் என்று ஒருவர் கணினி வாங்கப் போகிறார். கையில் ஒரு பட்டியல். பிராசசர் ஒரு கம்பெனி, மதர்போர்டு இன்னொரு கம்பெனி, கிராபிக்ஸ் கார்டு மூன்றாவது கம்பெனி. ராம், எஸ்.எஸ்.டி., எஸ்.எம்.பி.எஸ்., கேபினெட் எல்லாம் வேறு வேறு கம்பெனிகள். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போனால் எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்கிவிடலாம். ஒரு ஸ்குரூ டிரைவர் இருந்தால் வீட்டு மேசையிலேயே பூட்டி ஓட்டிவிடலாம்.

இது எவ்வளவு பெரிய அதிசயம் என்று யாரும் யோசிப்பதில்லை. மாருதி காரின் என்ஜினைக் கடையில் வாங்கி டாடா காரில் பொருத்த முடியுமா? ஒரு கம்பெனி டிவியின் உள்ளே இன்னொரு கம்பெனியின் போர்டை மாட்ட முடியுமா? முடியாது. கணினியில் மட்டும் எப்படி முடிகிறது?

யாரோ நல்ல மனதோடு "எல்லோரும் சேர்ந்து பிழைக்கட்டும்" என்று திட்டமிட்டுச் செய்ததல்ல இது. ஒரு கம்பெனியின் அவசரம், சில கம்பெனிகளின் பேராசை, பலரின் பிடிவாதம் எல்லாம் சேர்ந்து ஐம்பது ஆண்டுகளில் உருவானது. அந்தக் கதைதான் இது.

எட்டு துளைகளுக்கு ஒரு சண்டை

1975 ஜனவரி மாத பாப்புலர் எலெக்ட்ரானிக்ஸ் இதழின் அட்டையில் ஆல்டேர் 8800 என்ற கணினி வந்தது. அமெரிக்காவின் அல்புகெர்கி நகரில் எட் ராபர்ட்ஸ் என்பவர் நடத்திய மிட்ஸ் கம்பெனியின் தயாரிப்பு. சுமார் 400 டாலருக்குப் பாகங்களாக வரும். வாங்கியவரே சால்டரிங் செய்து பூட்டிக்கொள்ள வேண்டும். கீபோர்டு கிடையாது, திரை கிடையாது. நினைவகம் வெறும் 256 பைட்! இந்தப் பத்தியின் பாதிகூட அதில் அடங்காது.

ஆனால் அதற்குள் ஒரு நல்ல விஷயம் இருந்தது. 100 பின்கள் கொண்ட ஸ்லாட்டுகள். கூடுதல் கார்டு வேண்டுமானால் அதில் செருகலாம். மிட்ஸ் விற்ற மெமரி கார்டு சரியாக வேலை செய்யவில்லை. உடனே வேறு சிறு கம்பெனிகள் அதே ஸ்லாட்டுக்குப் பொருந்தும் மெமரி கார்டுகளைச் செய்து விற்றன. ஒருவரின் கணினிக்கு மற்றொருவர் பாகம் செய்யும் வியாபாரம் இப்படித்தான் வளர்ந்தது.

1977-ல் ஆப்பிள் II வந்தது. அதில் எத்தனை ஸ்லாட் வைப்பது என்று ஆப்பிளின் இரண்டு ஸ்டீவ்களுக்கும் சண்டை. பிரிண்டருக்கு ஒன்று, மோடத்துக்கு ஒன்று, இரண்டு போதும் என்றார் ஸ்டீவ் ஜாப்ஸ். எட்டு வேண்டும் என்றார் ஸ்டீவ் வாஸ்னியாக். அந்த முறை வாஸ்னியாக் ஜெயித்தார். அந்த எட்டு ஸ்லாட்டுகளில் எத்தனையோ கம்பெனிகள் பிழைத்தன. ஆப்பிள் II பல ஆண்டுகள் விற்பனையில் இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

1984-ல் ஜாப்ஸ் தன் விருப்பப்படி மேகின்டாஷ் செய்தார். அதில் ஒரு ஸ்லாட்கூட இல்லை. ராம் போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டிருந்தது. பெட்டியைத் திறக்கவே நீளமான தனி ஸ்குரூ டிரைவர் தேவைப்பட்டது. திறந்த பெட்டியா, மூடிய பெட்டியா என்ற கேள்வி ஒரே கம்பெனிக்குள் அன்றே பிறந்துவிட்டது. அது இன்னும் தீரவில்லை.

ஐபிஎம் காட்டிய அவசரம்

ஐபிஎம் அன்று கணினி உலகின் யானை. தன் இயந்திரங்களின் பெரும்பாலான பாகங்களைத் தானே செய்துகொள்ளும் கம்பெனி. ஆனால் வீட்டு மேசைக் கணினிச் சந்தையில் அது பின்தங்கிவிட்டது. ஃபுளோரிடாவின் போகா ரேடன் ஊரில் ஒரு சிறு குழுவிடம் சுமார் ஓராண்டுக்குள் ஒரு கணினி வேண்டும் என்று பொறுப்பு கொடுக்கப்பட்டது. குழுவை நடத்தியவர் டான் எஸ்ட்ரிட்ஜ்.

ஓராண்டில் எல்லாவற்றையும் சொந்தமாகச் செய்ய முடியாது. எனவே வெளியில் கிடைத்ததை வாங்கினார்கள். பிராசசர் இன்டெல் 8088. ஃபிளாப்பி டிரைவ் டான்டன். பிரிண்டர் எப்சன். இயங்குதளம் மைக்ரோசாஃப்ட். 1981 ஆகஸ்ட் 12 அன்று ஐபிஎம் பிசி வெளிவந்தது. ஆரம்ப விலை 1565 டாலர், உள்ளே ஐந்து ஸ்லாட்டுகள்.

மற்றவர்களும் கார்டுகள் செய்யட்டும் என்று ஐபிஎம் ஒரு தொழில்நுட்பக் கையேட்டையும் விற்றது. அதில் சர்க்யூட் வரைபடங்கள் இருந்தன. கணினியை எழுப்பிவிடும் பயாஸ் மென்பொருளின் வரிகள்கூட அச்சாகியிருந்தன. பயாஸுக்குக் காப்புரிமை இருப்பதால் யாரும் அதை நகலெடுக்க முடியாது என்பது ஐபிஎம்மின் நம்பிக்கை.

வேலைக்கா, விளையாட்டுக்கா?

ஐபிஎம் பிசி வாங்கியவர் முதல் நாளே ஒரு பாகத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. டிஸ்பிளே கார்டு இரண்டு வகை. ஒன்று எம்.டி.ஏ. எழுத்து கூர்மையாகத் தெரியும். ஆனால் படமே வராது. மற்றொன்று சி.ஜி.ஏ. நிறமும் படமும் வரும்; ஆனால் 320×200 புள்ளிகளில் நான்கு நிறம்தான், எழுத்தும் மங்கல். கணக்கு வழக்கு பார்ப்பவர் முதலாவதை வாங்கினார். விளையாட ஆசைப்பட்டவர் இரண்டாவதை வாங்கினார். "கேமுக்கு எது, வேலைக்கு எது" என்று இன்று கடைக்காரரிடம் கேட்கும் கேள்விக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது!

இந்த இரண்டுக்கும் நடுவில் புகுந்தவர் ஒரு மாணவர். தாய்லாந்தைச் சேர்ந்த வான் சுவன்னுகுல் ஆய்வு செய்துகொண்டிருந்தார். தன் ஐபிஎம் பிசியில் தாய் மொழி எழுத்தைத் தெளிவாகக் காட்ட வேண்டும் என்று நினைத்தார். எம்.டி.ஏ.வின் மாற்ற முடியாத எழுத்துத் தொகுப்பில் தாய் எழுத்துக்கு இடமில்லை. சி.ஜி.ஏ.வில் தாய் எழுத்தின் மேலும் கீழும் வரும் குறிகளுக்குத் தெளிவு போதாது. (கொம்பும் சுழியும் போடும் தமிழருக்கு இந்தக் கஷ்டம் நன்றாகவே புரியும்.) எனவே தானே ஒரு கார்டு செய்தார். 1982-ல் வந்த அந்த ஹெர்குலிஸ் கிராபிக்ஸ் கார்டு கூர்மையான எழுத்தையும் 720×348 புள்ளிகளில் படத்தையும் ஒன்றாகக் காட்டியது. லோட்டஸ் 1-2-3 மென்பொருளில் அட்டவணையோடு வரைபடமும் பார்க்க விரும்பிய அலுவலகங்கள் அதை வாங்கிக் குவித்தன.

ஸ்லாட் திறந்திருந்ததால்தான் இது நடந்தது. தாய் எழுத்தை எழுத ஐபிஎம்மிடம் ஒரு மாணவர் மனு போட்டிருந்தால் எத்தனை ஆண்டு காத்திருக்க வேண்டியிருக்குமோ!

பார்க்காமலே நகல் எடுத்தவர்கள்

கார்டு செய்வது சரி. முழுக் கணினியையே மற்றவர்கள் செய்ய முடியுமா? குறுக்கே நின்றது பயாஸ்.

டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸில் வேலை பார்த்த ராட் கேனியன், ஜிம் ஹாரிஸ், பில் முர்டோ மூவரும் 1982-ல் ஹூஸ்டன் நகரில் காம்பேக் கம்பெனியைத் தொடங்கினார்கள். பயாஸை நகலெடுத்தால் கோர்ட். நகலெடுக்காவிட்டால் ஐபிஎம் மென்பொருள்கள் ஓடாது. அதற்கு ஒரு வழி இருந்தது. ஒரு குழு ஐபிஎம் பயாஸைப் படித்து, அது என்ன செய்கிறது என்று மட்டும் எழுதும். அந்தப் பயாஸை ஒரு முறைகூடப் பார்க்காத இன்னொரு குழு, அந்தக் குறிப்பை வைத்துப் புதிதாக நிரல் எழுதும். வேலை ஒன்றே, வரிகள் வேறு. எனவே காப்புரிமை மீறல் இல்லை!

1983-ல் காம்பேக் போர்ட்டபிள் விற்பனைக்கு வந்தது. எடை சுமார் 13 கிலோ. (தூக்கிச் செல்லும் கணினியாம்!) முதல் ஆண்டு விற்பனை 11 கோடியே 10 லட்சம் டாலர். 1984-ல் பீனிக்ஸ் என்ற கம்பெனி இதே முறையில் ஒரு பயாஸ் எழுதி, கேட்டவர்களுக்கெல்லாம் விற்கத் தொடங்கியது. அதன்பின் பிசி செய்ய ஐபிஎம்மின் அனுமதி யாருக்கும் தேவைப்படவில்லை.

நகல் சரியாக வேலை செய்கிறதா என்று அன்று எப்படிச் சோதித்தார்கள் தெரியுமா? லோட்டஸ் 1-2-3 ஓட வேண்டும், மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் ஓட வேண்டும். ஒன்று கணக்கு மென்பொருள், மற்றொன்று விளையாட்டு. இரண்டும் ஓடினால் அது உண்மையான பிசி.

ஐபிஎம் சும்மா இருக்குமா? 1987-ல் பி.எஸ்/2 வரிசையைக் கொண்டுவந்தது. அதில் மைக்ரோ சேனல் என்ற புதிய ஸ்லாட். தொழில்நுட்பத்தில் பழையதைவிட எவ்வளவோ மேல். ஆனால் பழைய கார்டுகள் அதில் பொருந்தாது. அந்த ஸ்லாட் வைத்துக் கணினி செய்ய விரும்பும் மற்ற கம்பெனிகள் ஐபிஎம்முக்கு உரிமத் தொகை கட்ட வேண்டும். திறந்து வைத்த கதவை ஐபிஎம் மூடப் பார்த்தது.

1988-ல் காம்பேக் தலைமையில் ஒன்பது கம்பெனிகள் ஒன்றுகூடி, பழைய கார்டுகளும் பொருந்தும் இ.ஐ.எஸ்.ஏ. என்ற ஸ்லாட்டை அறிவித்தன. அந்த ஸ்லாட்டும் பெரிதாகப் பரவவில்லை என்பது வேறு கதை. ஆனால் பிசியின் எதிர்காலத்தை ஐபிஎம் தனியாகத் தீர்மானிக்க முடியாது என்பது அன்று உறுதியானது. 1992-ல் இன்டெல் கொண்டுவந்த பி.சி.ஐ. ஸ்லாட் கடைசியில் எல்லோருக்கும் பொதுவானது. 2003-ல் அதன் வாரிசாக பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் வந்தது. அதை வடிவமைத்தவர்களில் ஒருவர் குஜராத்தின் பரோடாவில் படித்த அஜய் பட். யு.எஸ்.பி.யை உருவாக்கியவர்களிலும் அவர் ஒருவர்.

துளைகள் ஒத்துப்போன காலம்

ஸ்லாட் பொதுவானால் மட்டும் போதாதே. போர்டு கேபினெட்டில் பொருந்த வேண்டும். எஸ்.எம்.பி.எஸ். ஒயர் போர்டில் பொருந்த வேண்டும்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி வரை மதர்போர்டுக்கு மின்சாரம் தந்தது பி8, பி9 என்ற இரட்டைக் கனெக்டர்கள். பார்க்க இரண்டும் ஒரே மாதிரி. கறுப்பு ஒயர்கள் நடுவில் சேரும்படி செருக வேண்டும். மாற்றிச் செருகினால் போர்டு புகைந்துபோகும். கணினி பூட்டிப் பழகியவர்கள் "கறுப்பும் கறுப்பும் சேரணும்" என்பதைத்தான் முதல் பாடமாகக் கற்றார்கள்.

1995-ல் இன்டெல் ஏ.டி.எக்ஸ். என்ற அளவை வெளியிட்டது. போர்டின் நீள அகலம் 305×244 மில்லிமீட்டர். ஸ்குரூ துளைகள் எங்கே, பின்பக்க இணைப்புகள் எங்கே என்று எல்லாம் எழுதிவைக்கப்பட்டது. மின்சாரத்துக்கு ஒரே கனெக்டர், தவறாகச் செருகவே முடியாது. முப்பது ஆண்டுகளுக்குப் பிறகும் கடையில் கிடைக்கும் பெரிய மதர்போர்டுகளின் அளவு அதுதான்.

இந்த அளவுகளை வைத்துப் பிழைத்தது தைவான். எம்.எஸ்.ஐ., கிகாபைட் இரண்டும் 1986-ல் தொடங்கப்பட்டவை. ஏசர் கம்பெனியில் இருந்து விலகிய நான்கு பொறியாளர்கள் 1989-ல் ஏசஸைத் தொடங்கினார்கள். அளவும் இணைப்பும் பொதுவானதால், பெரிய பெயர் இல்லாத கம்பெனியும் தரமும் விலையும் காட்டி உலகச் சந்தைக்குள் நுழைய முடிந்தது.

பிராசசரிலும் கொஞ்ச காலம் அப்படி ஒரு வசந்தம் இருந்தது. சாக்கெட் 7 என்ற ஒரே சாக்கெட்டில் இன்டெல் பென்டியம் பொருந்தும், ஏ.எம்.டி. கே6 பொருந்தும், சைரிக்ஸும் பொருந்தும். 1997-ல் பென்டியம் II-வோடு இன்டெல் ஸ்லாட் 1-க்கு மாறியது. அதை ஏ.எம்.டி. பயன்படுத்த முடியவில்லை. 1999-ல் ஏ.எம்.டி. தன் அத்லான் பிராசசருக்குத் தனி ஸ்லாட் வைத்தது. அன்று முதல் பிராசசரைத் தேர்ந்தெடுத்தால் மதர்போர்டையும் சேர்த்தே தேர்ந்தெடுத்தாக வேண்டும். இன்று பட்டியல் போடுபவர் முதலில் முட்டிக்கொள்ளும் சுவர் இதுதான்.

விளையாட்டு கேட்டது வேகம்

ஐபிஎம் பிசியின் ஸ்பீக்கர் "பீப்" என்று கத்த மட்டுமே தெரிந்தது. 1989-ல் சிங்கப்பூரின் கிரியேட்டிவ் கம்பெனி சவுண்ட் பிளாஸ்டர் கார்டைக் கொண்டுவந்தது. இசை, பேச்சு, ஜாய்ஸ்டிக் இணைப்பு எல்லாம் ஒரே கார்டில். அதை நடத்தியவர் சிம் வோங் ஹூ.

1993 டிசம்பரில் டூம் வெளிவந்தது. அதன் முப்பரிமாணத் தோற்றத்தை வரையும் வேலை முழுவதும் பிராசசரின் தலையில். 1996-ல் குவேக் வந்தபோது பிராசசர் திணறியது. அதே ஆண்டு 3டிஎஃப்எக்ஸ் கம்பெனியின் வூடூ சிப் வந்தது. விளையாட்டு அரங்க இயந்திரங்களில்தான் இப்படிப்பட்ட சிப்பைப் போட முடியும் என்ற நிலை மாறியதற்குக் காரணம், அந்த ஆண்டு மெமரி விலை சரிந்தது. 4 எம்பி மெமரியோடு வீட்டுக்கு வாங்கும் விலையில் கார்டு வந்தது. ஒரு வேடிக்கை, அந்தக் கார்டுக்குச் சாதாரண விண்டோஸ் திரையைக் காட்டத் தெரியாது! அதற்குப் பழைய கார்டும் வேண்டும். இரண்டையும் வெளியே ஒரு ஒயரால் இணைப்பார்கள்.

வூடூ சிப்பை வாங்கிப் பல கம்பெனிகள் கார்டு செய்து விற்றன. 1998-ன் முடிவில் 3டிஎஃப்எக்ஸ் எஸ்.டி.பி. என்ற கார்டு கம்பெனியை வாங்குவதாக அறிவித்து, இனி கார்டுகளையும் தானே செய்வேன் என்றது. மற்ற கார்டு கம்பெனிகள் என்விடியா பக்கம் போயின. 2000 டிசம்பரில் 3டிஎஃப்எக்ஸின் சொத்துகளை வாங்கியது அதே என்விடியா. வேறு காரணங்களும் உண்டு. ஆனால் பாதையை அடைத்து எல்லாவற்றையும் தானே வைத்துக்கொள்ள நினைத்தவர் சறுக்கிய கதைகளில் இதுவும் ஒன்று.

காசில்லாத மாணவர்களுக்கும் அன்று ஒரு விருந்து கிடைத்தது. 1998 ஆகஸ்டில் வந்த செலரான் 300ஏ என்ற மலிவு பிராசசர். மதர்போர்டின் பஸ் வேகத்தை 66-ல் இருந்து 100 மெகாஹெர்ட்சுக்கு மாற்றினால் அது பெரும்பாலும் 450 மெகாஹெர்ட்சில் ஓடியது. பல மடங்கு விலையுள்ள பென்டியம் II-க்குப் பல கேம்களில் ஈடு கொடுத்தது. எந்தப் பாகம் விலைக்கு மேல் வேலை செய்யும் என்று தேடித் தேர்ந்தெடுக்கும் பழக்கம் அப்போது பலரைத் தொற்றியது.

வீடியோ கேட்டது இடம்

வீடியோ எடிட்டிங் வேறு பாதையில் நடந்து வந்தது. 1990-ல் நியூடெக் கம்பெனியின் வீடியோ டோஸ்டர் வந்தது. கொமடோர் கம்பெனியின் அமிகா கணினிக்குள் செருகும் கார்டு. பெரிய டிவி ஸ்டூடியோவின் வேலைகளை வீட்டு மேசையில் செய்தது. ஆனால் 1994 ஏப்ரலில் கொமடோர் திவாலானது. கார்டு எவ்வளவு நன்றாக இருந்து என்ன? அதைச் செருகும் கணினியை ஒரே கம்பெனிதான் செய்தது. அந்தக் கம்பெனி போனதும் கார்டு வைத்திருந்தவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள்.

கணினியிலேயே வெட்டி ஒட்டும் முறையை 1989-ல் ஏவிட் கொண்டுவந்தது. அது ஸ்டூடியோக்களுக்கு மட்டும் கட்டுபடியானது. 1991-ல் அடோபி பிரீமியர் மேகின்டாஷுக்கு வந்தது, 1993-ல் விண்டோஸுக்கு. மென்பொருள் கிடைத்துவிட்டது, ஆனால் ஹார்டு டிஸ்க் ஒத்துழைக்கவில்லை.

ஒரு சிறு கணக்கு. நம் நாட்டு டிவி அளவில் ஒரு பிரேம் 720×576 புள்ளிகள். புள்ளிக்கு 2 பைட், நொடிக்கு 25 பிரேம். பெருக்கினால் நொடிக்குச் சுமார் 20.7 எம்பி, மணிக்குச் சுமார் 75 ஜிபி! தொண்ணூறுகளின் டிஸ்குகளுக்கு இது எட்டாக்கனி. போதாக்குறைக்கு அந்த டிஸ்குகள் அவ்வப்போது ஒரு கணம் நின்று, வெப்பத்தால் விரிந்த தட்டுக்கு ஏற்பத் தங்களைச் சரிசெய்துகொள்ளும். கோப்பு எழுதும்போது அது தெரியாது. வீடியோ எழுதும்போது பிரேம் விட்டுப்போகும். இதற்காகவே "ஏ.வி. டிஸ்க்" என்று தனி ரகம் விற்றார்கள்.

1995-ல் வந்த டி.வி. கேசட் முறை இதை மாற்றியது. கேமராவே வீடியோவைச் சுருக்கிவிடும். மணிக்குச் சுமார் 13 ஜிபி, நொடிக்கு 4 எம்பிக்கும் குறைவு. ஃபயர்வயர் ஒயரில் நேராகக் கணினிக்குள் இறங்கும். 2000-ஐ ஒட்டி மேட்ராக்ஸ், பினக்கிள், கனோபஸ் போன்ற கம்பெனிகளின் எடிட்டிங் கார்டுகள் வந்தன. எந்த அசெம்பிள்டு கணினியின் பி.சி.ஐ. ஸ்லாட்டிலும் அவற்றைச் செருகலாம். கல்யாண வீடியோ எடுப்பவர்கூட சொந்தமாக ஓர் எடிட்டிங் மேசை போட முடிந்தது அதனால்தான்.

இரண்டு பாதைகளும் சேர்ந்த இடம்

அதுவரை கேம் கணினி வேறு, எடிட்டிங் கணினி வேறு. ஒன்றின் கார்டு மற்றதற்கு உதவாது.

2006 நவம்பரில் என்விடியா ஜிஃபோர்ஸ் 8800 கார்டையும் கூடா என்ற நிரலாக்க முறையையும் அறிவித்தது. கேமில் லட்சக்கணக்கான புள்ளிகளுக்கு ஒரே நேரத்தில் நிறம் கணக்கிடும் சிப், அதே வேகத்தில் வேறு கணக்கையும் போடும் என்றது. வீடியோவில் நிறம் திருத்துவதும் லட்சக்கணக்கான புள்ளிகளுக்கு ஒரே கணக்கைப் போடுவதுதானே?

2010-ல் பிரீமியர் புரோ சி.எஸ்.5 இதைப் பயன்படுத்தியது. ஆனால் அடோபி அங்கீகரித்த கார்டுகள் சிலவே, அதிலும் பெரும்பாலானவை விலை உயர்ந்த குவாட்ரோ வகை. சாதாரண கேம் கார்டு வைத்திருந்தவர்கள் விடவில்லை. மென்பொருளின் கோப்புறையைத் துழாவினார்கள். அங்கீகரித்த கார்டுகளின் பெயர்கள் ஒரு சாதாரண டெக்ஸ்ட் கோப்பில் இருந்தன! நோட்பேடில் திறந்து, தங்கள் கார்டின் பெயரை ஒரு வரி சேர்த்தார்கள். வேலை செய்தது. கேமுக்கு வாங்கிய கார்டு எடிட்டிங்குக்கும் ஓடியது.

பிராசசரிலும் இதே கதை. 2017 மார்ச்சில் ஏ.எம்.டி.யின் ரைசன் 7 1800எக்ஸ் வந்தது. எட்டு கோர், 499 டாலர். அன்று இன்டெல்லின் எட்டு கோர் பிராசசர் 1000 டாலருக்கு மேல். கேமுக்கு ஒவ்வொரு கோரின் வேகமும் முக்கியம், வீடியோவை ரெண்டர் செய்யக் கோர்களின் எண்ணிக்கை முக்கியம். இரண்டும் வேண்டும் என்பவருக்கு நடுத்தர விலையில் ஒரு வழி திறந்தது.

ராம் ஏன் கேமைவிட எடிட்டிங்குக்கு அதிகம் தேவை என்பதற்கும் கணக்கு உண்டு. 4கே வீடியோவின் ஒரு பிரேம் 3840×2160 புள்ளிகள். புள்ளிக்கு 4 பைட் என்றால் விரித்த ஒரு பிரேம் சுமார் 33 எம்பி. 30 பிரேம் ஓடும் வீடியோவில் ஒரு நொடி ஏறக்குறைய 1 ஜிபி. மென்பொருள் சில நொடிகளைக் கையில் வைத்துக்கொள்ளவே எவ்வளவு ராம் வேண்டும் என்று இதிலிருந்து ஊகிக்கலாம்.

மறுபடியும் மூடும் கதவுகள்

2020 மே மாதம் ஏ.எம்.டி. ஓர் அறிவிப்பு செய்தது. அடுத்து வரும் பிராசசர்கள் அதே ஏ.எம்.4 சாக்கெட்டில் பொருந்தினாலும், அன்று கடைகளில் விற்றுக்கொண்டிருந்த 400 வரிசை மதர்போர்டுகளில் ஓடாது என்றது. அவற்றை வாங்கியவர்கள் கொதித்தெழுந்தார்கள். இரண்டு வாரத்துக்குள் ஏ.எம்.டி. முடிவை மாற்றிக்கொண்டது. 2022-ல், 2017-ஐச் சேர்ந்த 300 வரிசை போர்டுகளுக்கும் வழிவிட்டது. ஐந்து ஆண்டு பழைய போர்டில் புதிய பிராசசர் போட முடிந்தது வாங்கியவர்கள் சண்டை போட்டதன் பலன்.

எல்லாச் சண்டையும் அப்படி முடிவதில்லை. 2020 நவம்பரில் ஆப்பிள் தன் எம்1 கணினிகளைக் கொண்டுவந்தது. பிராசசர், கிராபிக்ஸ், ராம் எல்லாம் ஒரே உறைக்குள். வீடியோ எடிட்டிங்கில் அதன் வேகமும் குறைந்த மின் செலவும் எல்லோரையும் அசத்தின. ஆனால் வாங்கும் நாளில் எவ்வளவு ராமோ, கடைசி வரை அவ்வளவுதான். 1984 மேகின்டாஷ் திரும்பி வந்துவிட்டது, இந்த முறை வேகமான காலோடு!

வேறு பக்கத்தில் இருந்தும் நெருக்கடி வந்தது. 2020, 2021-ல் கிரிப்டோ நாணயம் தோண்டுபவர்கள் கிராபிக்ஸ் கார்டுகளை மொத்தமாக அள்ளிக்கொண்டார்கள். விளையாட நினைத்தவர்களுக்குக் கார்டே கிடைக்கவில்லை. 2025 டிசம்பரில் மைக்ரான் கம்பெனி, வீட்டுக் கணினிகளுக்கு ராமும் எஸ்.எஸ்.டி.யும் விற்ற தன் குருஷியல் பெயரை மூடப்போவதாக அறிவித்தது. செயற்கை நுண்ணறிவுக்கான பெரிய டேட்டா சென்டர்கள் மெமரியை மொத்தமாக வாங்கும்போது, ஒன்றும் இரண்டுமாக வாங்குபவர் சிறிய வாடிக்கையாளர் ஆகிவிட்டார்.

ஆக, பாகம் பாகமாகத் தேர்ந்தெடுக்கும் வசதி இயற்கையாக வந்ததல்ல, என்றைக்கும் இருக்கும் என்ற உத்தரவாதமும் இல்லை. வாஸ்னியாக் எட்டு ஸ்லாட்டுக்குப் பிடிவாதம் பிடித்தார். காம்பேக் பயாஸைப் பார்க்காமலே எழுதியது. ஒன்பது கம்பெனிகள் ஐபிஎம்மை எதிர்த்தன. யாரோ ஒருவர் நோட்பேடில் தன் கார்டின் பெயரைச் சேர்த்துப் பார்த்தார். பெட்டி திறந்தே இருந்தது இவர்களால்தான்.

கையில் பட்டியலோடு கடைக்குப் போகிறவருக்கு இந்த வரலாறு ஒரு விஷயம் சொல்கிறது. இன்றைக்கு எது வேகம் என்று மட்டும் பார்த்தால் போதாது. நாளைக்கு எதைக் கழற்றி மாற்ற முடியும் என்றும் பார்க்க வேண்டும். இந்த சாக்கெட்டுக்கு அடுத்த பிராசசர் வருமா? ராமுக்கு இன்னும் இரண்டு ஸ்லாட் காலியாக இருக்கிறதா? எஸ்.எம்.பி.எஸ். பொதுவான அளவா, அந்தக் கம்பெனிக்கு மட்டும் பொருந்துவதா? இந்தக் கேள்விகளைக் கேட்கிறவர்கள் இருக்கும் வரைதான் கடைக்காரர் அவற்றுக்குப் பதில் வைத்திருப்பார்.